பசியைக் கட்டிப்போட்ட தூள்

மறிச்சுக்கட்டி
27.02.2026

யசிந்தா,

நீ என்னோடு கோபம். அது எனக்குத் தெரியும், காமிலுக்குத் தெரியும், எங்கள் வீட்டு ஆடுகளுக்கும் தெரியும். என் நம்பரை நீ தடுத்துவைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அதனால்தான் பேனையை எடுத்தேன். இதைத் தடுக்க உன் போனில் வழியில்லை.

கோபத்தை அப்படியே வைத்துக்கொள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தூளின் பெயர் என்ன?

முந்தாநாள் மீன் எடுக்க அரிப்புக் கரைக்கு வந்த காமில் உன்னைத் தூரத்தில் கண்டாராம். வீட்டுக்கு வந்து மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்டியை இறக்கவுமில்லை, அதற்குள் சொல்லத் தொடங்கிவிட்டார். "அப்ரா, றொஷான்ட மனுசி பாதியாப் போயிட்டா. என்னமோ தூள் கரைச்சுக் குடிக்கிறாவாம். பசியே வராதாம். றொஷான்தான் சொன்னான்."

பசியே வராத தூள்! நோன்புக் காலத்தில் இப்படி ஒன்றைக் காதில் போட்டால் நான் எப்படித் தூங்குவது? பசி வராது என்றால் எப்படி வராது? வயிறு நிறைந்துவிட்ட மாதிரியா, வயிறே இல்லாத மாதிரியா? பக்கத்து வீட்டில் கோழி பொரித்தாலும் வராதா? மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு என் சட்டைகள் எல்லாம் தங்கச்சிக்குப் போய்விட்டன. அவளும் 'இன்னும் இருக்கா ராத்தா?' என்று கேட்கிறாள்.

இன்று எனக்கு நோன்பில்லை. ஏன் என்று பெண்ணாய்ப் பிறந்த உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாமியும் பிள்ளைகளும் அறியாமல் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, பாணும் சம்பலும் சாப்பிட்டபடி எழுதுகிறேன். கடதாசியில் இருக்கும் சிவப்புப் பொட்டு அதுதான்.

காமில் இதை றொஷானிடம் கொடுப்பார். நம் சண்டையில் சேராமல் இவர்கள் இரண்டு பேரும் தினமும் கரையில் நின்று மீன் விலை பேசுவது எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் வசதி.

அப்ரா


அரிப்பு
02.03.2026

அப்ரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தூளின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். டின்னில் ஒரு பெண்ணின் இடுப்பும் 'நூறு வீதம் மூலிகை' என்ற எழுத்தும்தான் பெரிதாக இருக்கின்றன. பேஸ்புக்கில் பார்த்து எடுப்பித்தேன். காலையில் இரண்டு கரண்டி, ஒரு கிளாஸ் தண்ணீர். அவ்வளவுதான்.

நான் அழகுக்காகக் குடிக்கவில்லை. மன்னாரில் கிளினிக்குக்குப் போகிறோம். உடம்பைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் பிள்ளைக்கான சிகிச்சையைத் தொடங்கலாம் என்று டொக்டர் சொல்லி, ஏதோ குளிசையும் தந்திருக்கிறார். உயிர்த்த ஞாயிறு முடிந்த பிறகு என்னை நிறுத்துப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் தொடங்குவார்கள். குறையாவிட்டால் 'பிறகு பாப்பம்' என்பார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. கலியாணம் கட்டிப் பதினோராவது வருடம். 'பிறகு' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

உங்கள் மகளின் நாற்பதாம் நாளில், சபை நிறைந்த ஆட்களுக்கு முன்னால், 'முதல்ல இந்த உடம்பக் குறை புள்ள' என்று நீங்கள் சொன்ன அதே புத்திமதியைத்தான் டொக்டரும் சொன்னார். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

யசிந்தா


மறிச்சுக்கட்டி
05.03.2026

யசி,

'அவர்களுக்கு' என்று போட்டு என்னைக் கந்தோர்க்காரி ஆக்கிவிட்டாய். சரி, எனக்கு வேண்டியதுதான்.

நாற்பதாம் நாளைப் பற்றி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்லமாட்டேன். மாமி உன் கையிலிருந்து பிள்ளையை வாங்கியதும் உன் முகம் போன போக்கைக் கண்டேன். எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்து விழுந்தது அது. நீ சாப்பாட்டில் கை வைக்காமல் பஸ் ஏறிப்போனாய். அன்று மிஞ்சிய சோற்றை நானும் சாப்பிடவில்லை. இதை நீ நம்பமாட்டாய், என் உடம்பைப் பார்த்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

இனிக் கேள்விகள். நீ தவக்காலத்து ஒருசந்தியும் பிடிக்கிறாய் என்று காமில் சொல்கிறார். அப்படியென்றால் காலையில் தூள், மத்தியானம் ஒருவேளைச் சோறு, மற்ற நேரமெல்லாம் வெறும் வயிறா? கிளினிக்கில் தந்த குளிசையை எப்போது போடுகிறாய்? தூளோடு சேர்த்தா? நீ தூள் குடிப்பது அந்த டொக்டருக்குத் தெரியுமா?

டின்னில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கும். பூதக்கண்ணாடி பிடித்தாவது எழுதி அனுப்பு. ஒரு கரண்டித் தூளையும் கடதாசியில் மடித்து அனுப்பு. குடிக்கமாட்டேன், சத்தியம். பார்க்கத்தான்.

அப்ரா


அரிப்பு
08.03.2026

அப்ரா,

'நீங்கள்' என்று எழுத விரல் நோகிறது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

தூள் இத்துடன் இருக்கிறது. டின்னில் எழுதியிருப்பது: கொறுக்காப்புளிச் சாறு, வெந்தயம், இசப்கோல் உமி, கல்லிமுளையான், 'மற்றும் விசேட மூலிகைக் கலவை'. முதல் பெயரை வாசித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. குசினியில் சாடியில் கிடப்பதை டின்னில் போட்டு இடுப்புப் படமும் ஒட்டிவிட்டார்கள்.

டொக்டருக்குச் சொல்லவில்லை. மூலிகைதானே, மருந்தில்லையே. குளிசையைத் தூளோடு சேர்த்துத்தான் விழுங்குகிறேன். ஒரே தண்ணீரில் வேலை முடியும்.

பசி எப்படி வராது என்று கேட்டாய் அல்லவா? நான் இதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல ஆளும் இல்லை. உனக்குச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினேன். முதல் மாதம் பெரிதாக ஒன்றுமில்லை. வயிறு கல்லுப்போல் இருக்கும், கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவேன், சட்டை கொஞ்சம் தளர்ந்தது. திருநீற்றுப் புதனுக்குப் பிறகுதான் தூள் சரியாகப் பிடித்துக்கொண்டது. இப்போது சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. றொஷான் சூடை மீன் கொண்டுவந்தால் வளவுக்கு வெளியே போய் நிற்கிறேன். அரிப்பில் பிறந்தவளுக்கு மீன் மணத்தில் ஓங்காளம் எடுக்கிறது என்றால் சிரிப்பாயா மாட்டாயா? வாயில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. மத்தியானத்தில் கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிடுகிறேன்.

பசி என்பது இவ்வளவு காலமும் வீட்டில் இருந்த ஒரு ஆள் மாதிரி. சத்தம் போடும், சட்டியைத் திறந்து பார்க்கும். இப்போது வீடு அமைதி. முதலில் சந்தோசமாக இருந்தது. இப்போது எங்கே போனது என்று யோசிக்கிறேன்.

இன்னொன்று. நீ நோன்பு பிடிக்கிறவள், சொல்லு. பசியே இல்லாமல் பிடிக்கிற ஒருசந்தி ஒருசந்தியா? எங்கள் மாதர் சங்கத்துத் தலைவி மக்டலின் அக்காவிடம் பொதுவாகக் கேட்டேன். தவக்காலத்தில் யாராவது வாய் அசைத்தாலே கண்டுபிடித்துவிடுகிற மனுசி. "பசிக்காட்டி அது ஒருசந்தியில்ல பிள்ளை, சும்மா சாப்பிடாமல் இருக்கிறது" என்றா. பெரிய வெள்ளி வரை பிடிப்பதாக மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். எதற்காக என்று உனக்குத் தெரியும். அது கணக்கில் சேராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

யசிந்தா


மறிச்சுக்கட்டி
12.03.2026

யசி,

உன் ஒரு கரண்டித் தூளால் இந்த வீடே இரண்டு பட்டுவிட்டது.

ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து யன்னலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை, கூழ்தான் இருக்கிறது. கரண்டி நிமிர்ந்து நிற்கிறது, யசி! பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டுகிறார்கள். மாமி 'நோன்போட என்ன கூத்து இது' என்று கத்துகிறா. உன் வயிற்றுக்குள் கல் இருந்தது ஏன் என்று விளங்கிவிட்டது.

பிறகு மிச்சத்தையும் உன் கடிதத்தில் இருந்த பெயர்களையும் கொண்டு ஜெயந்தினி மிஸ்ஸிடம் போனேன். எங்கள் பக்கத்துச் சித்த வைத்தியர், பிள்ளைகளுக்குச் சளி என்றால் அவவிடம்தான் போவோம். விரலில் தொட்டுப் பார்த்தா, மணந்து பார்த்தா, நாக்கில் வைக்கவில்லை.

"இசப்கோல் வயித்துக்குள்ள போய் ஊதுது. தண்ணி காணாட்டித் தொண்டையிலயே ஊதும், கவனம். இதோட சேத்து வேற குளிசை போட்டா, குளிசையையும் இழுத்து வைச்சிருக்கும். ரெண்டுக்கும் நடுவில நல்லா இடைவெளி விடவேணும். வெந்தயம் சீனியைக் குறைக்கும், சீனிக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் கேக்காமல் குடிக்கக் கூடாது."

"கொறுக்காப்புளி நாங்க குழம்புக்குப் போடுறதுதானே மிஸ்?"

"குழம்பில போடுறது வேற, அதின்ர சத்தைப் பிழிஞ்சு நாளாந்தம் குடிக்கிறது வேற. சிலருக்கு ஈரலைத் தாக்கியிருக்கு. ஆனா நான் பயப்படுறது பேர் எழுதின நாலுக்கும் இல்லை. பேர் எழுதாத அந்தக் கலவைக்குத்தான். மூலிகை எண்டு சொல்லி உள்ளுக்க இங்கிலீஸ் மருந்து கலக்கிற ஆக்களும் இருக்கினம். பதிவு நம்பரும் இல்லையெண்டா நான் என்ர வீட்டு ஆளுக்குக் குடுக்கமாட்டன். நெஞ்சு படபடக்குதோ, நித்திரை வருதில்லையோ, வாய் காயுதோ எண்டு கேளுங்கோ."

எனக்கும் வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "பால் குடுக்கிறீங்கள் என்ன? தொடாதேங்கோ. பால் குடுக்கிறவைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் இது கூடாது. அதோட நோன்பும் பிடிச்சுக்கொண்டு பசியைக் கட்டப் போறீங்களோ? பசிதானே உடம்பு தன்ர பாட்டைச் சொல்ற வழி. அதின்ர வாயைக் கட்டினா உள்ளுக்க நடக்கிறதை எப்பிடி அறியிறது?" என்றா. என் இடுப்புக்கு விமோசனம் இல்லை.

கல்லிமுளையான் எங்கள் பக்கத்து வறண்ட பற்றைகளிலும் இருக்கலாம் என்று கேள்விப்பட்டு, நேற்று வில்பத்துக் காட்டுப் பக்கத்துப் பற்றைக்குள் தேடப்போய், காலில் முள்ளோடு திரும்பினேன். அதை விடு.

இனிச் சொல்வதை இருந்துகொண்டு வாசி. மிஸ் கேட்ட மூன்றும் உன் கடிதத்தில் இல்லை. உனக்கு நித்திரை வராமல் இல்லை, கதிரையிலேயே தூங்குகிறாய். வாய் காயவில்லை, ஊறுகிறது. தூள் வயிற்றை நிறைக்கும், சரி. மீன் மணத்தை ஏன் வெறுக்க வைக்கிறது? மிஸ்ஸிடம் அதையும் கேட்டேன். "அந்த நாலில ஒண்டுக்கும் அந்தக் குணம் இல்லை" என்றா.

நேற்றிரவு, பெருநாளுக்குப் பிறகு பிடிக்க வேண்டிய நோன்புகளைக் கலண்டரில் குறித்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் எங்களுக்கு நோன்பில்லை, விட்டதைப் பிறகு பிடித்துக் கொடுக்க வேண்டும். அதனால் இங்கே ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் நாள் தெரியும். நீங்கள் எல்லா நாளும் ஒருசந்தி பிடிக்கிறவர்கள், யாரும் கணக்குக் கேட்பதில்லை. பேனையை வைத்துவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன்.

எனக்கு மீன் மணம் பிடிக்காமல் போனது மூன்று தடவை. மூன்றும் இப்போது முற்றத்தில் விளையாடுகின்றன.

யசி, உனக்குக் கடைசியாக எப்போது வந்தது?

அப்ரா


அரிப்பு
13.03.2026

அப்ரா,

இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்கக் கூடாது.

எனக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதம், மூன்று மாதம் வராமல் இருப்பது வழக்கம். முதல் வருடங்களில் ஒவ்வொரு முறையும் பார்மசியில் அந்தக் குச்சியை வாங்கி, கதவைப் பூட்டிக்கொண்டு, ஒற்றைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கதவுக்கு வெளியே றொஷான் நிற்பார். நான் வாய் திறக்க முன்னமே 'பரவாயில்லை' என்பார். அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது என்பதற்காகவே வாங்குவதை நிறுத்தினேன். மூன்று பெற்றவளுக்கு இது கலண்டரில் பார்க்கிற விசயம். எனக்கு அப்படி இல்லை.

நேர்த்தியை நடுவில் விடமாட்டேன். தூளையும் விடமாட்டேன். ஏப்ரலில் நிறை குறைந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் உண்மையாகச் சொல்கிறேன், இதற்குப் பிறகு இதைப் பற்றி எழுதாதே. 'இல்லை' என்று வந்தால் எனக்குப் பழக்கம், தாங்குவேன். 'ஓம்' என்று வந்தால்? இத்தனை கிழமையும் பெயர் தெரியாத ஒன்றை உள்ளே ஊற்றியிருக்கிறேன். பட்டினியும் கிடந்திருக்கிறேன். அதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

யசிந்தா


மறிச்சுக்கட்டி
14.03.2026

யசி,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். தடுத்துவைக்க ஏலாது என்று முதலிலேயே சொன்னேன்.

உன் கடைசி வரிகளை வாசித்து நான் அழுதுவிட்டேன். மாமி கேட்டதற்கு வெங்காயம் என்றேன். வெங்காயம் வெட்டாமலே.

பயம் என்பதற்காக நாளைக் காலையும் அந்தக் கிளாஸைத் தூக்காதே. நேற்று வரை தெரியாமல் குடித்தாய். நாளைக்கு அப்படிச் சொல்ல முடியாது, நான் கேட்டுவிட்டேன். டின்னை மூடிப் பையில் போடு. கிளினிக்குக்குக் கொண்டுபோ. ஏப்ரல் வரை காத்திருக்காதே. 'இல்லை' என்று வந்தாலும் அந்த டின்னை டொக்டரின் மேசையில் வைத்து, 'இதைக் குடிக்கலாமா?' என்று கேள். அவ்வளவும் போதும்.

நேர்த்திக்குச் சொல்கிறேன். எங்களில் பிள்ளைத்தாய்ச்சிக்கு நோன்பை விட அனுமதி இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த மர்யமை, உன் மாதாவை, எங்களுக்கும் தெரியும், யசி. வலியில் தனியே இருந்த அவருக்குப் பேரீச்சம்பழம் கிடைத்த கதையை உம்மா எனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறா. உன் மாதாவுக்கு இது விளங்காமல் போகாது.

திங்கட்கிழமை காமில் மீன் கொண்டு மன்னாருக்குப் போகிறார். உன்னை ஏற்றிப்போகச் சொல்லவா? பின்னால் மீன் பெட்டி இருக்கும். வேண்டாம், நீயும் றொஷானும் பஸ்ஸில் போங்கள்.

அப்ரா


அரிப்பு
18.03.2026

அப்ரா,

போனோம். பஸ்ஸில் இரண்டு தரம் சத்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்த மனுசி தேசிக்காய் தந்தா.

டின்னைப் பையிலேயே வைத்திருந்தேன். நர்ஸ் லூசியா மிஸ் நிறை பார்த்தா. ஆறு கிலோ குறைந்திருந்தது. "கெட்டிக்காரி" என்றா. இரண்டு மாதமாக அந்தச் சொல்லுக்காகவே உயிரை விட்டேன். கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகுதான் வாய் திறந்து விசயத்தைச் சொன்னேன். பரிசோதனைக்குச் சலம் எடுத்தார்கள். முடிவைச் சொல்லாமலே ஸ்கானுக்குக் கூட்டிப்போனார்கள்.

டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "ஒன்பது கிழமை. இதில மின்னுறதைப் பாருங்கோ. இதயம் துடிக்குது."

பாக்குக் கொட்டை அளவு இருக்கும். மின்னிக்கொண்டே இருந்தது. நான் சிரிக்கவில்லை, அழவுமில்லை. படுத்தபடியே பைக்குள் கையை விட்டு டின்னை எடுத்து நீட்டினேன். டொக்டர் வாசித்தார்.

"எப்ப துடக்கம் இதை எடுக்கிறீங்கள்?"

"தைப்பொங்கலுக்குப் பிறகு."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"மூலிகைதானே டொக்டர் எண்டு..."

"உடம்பில வேலை செய்யிறது எல்லாம் மருந்துதான் அம்மா. இலையில இருந்து வந்தாலும்." பிறகு கதிரையை இழுத்து எனக்குக் கிட்ட இருந்தார். "இதுக்குள்ள என்ன கிடந்ததெண்டு எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லமாட்டன். இண்டைக்குத் துடிப்பு நல்லாயிருக்கு. நிப்பாட்டினது நல்லது. ரத்தத்தையும் ஈரலையும் பாப்பம், அடுத்த ஸ்கானையும் பாப்பம். ஒருசந்தி வேண்டாம். இனிக் குறைக்கவும் வேண்டாம், சாப்பிடுங்கோ." டின்னைத் தானே வைத்துக்கொண்டார், பரிசோதனைக்கு அனுப்பப் பார்ப்பாராம். நான் பத்தியம் இருந்ததும் குளிசை போட்டதும் சேர்ந்து வேலை செய்துதான் கரு தங்கியிருக்கும் என்றும் சொன்னார். எது வேலை செய்தது என்று கேட்கிற தைரியம் எனக்கு இருக்கவில்லை.

வெளியே வாங்கில் றொஷான் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பி, "பரவாயில்லை" என்றார். பாவம், பதினொரு வருசப் பழக்கம். "இல்லையப்பா, இருக்கு" என்றேன். அவர் நின்ற இடத்திலேயே நிலத்தில் குந்திவிட்டார். காவலாளி ஓடிவந்து, யாருக்குச் சுகமில்லை என்று என்னிடம் கேட்டான்.

ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த ஸ்கான் வரை சொல்லமாட்டேன். இரவில் விழித்தால் அந்த 'விசேடக் கலவை'தான் நினைவில் வருகிறது. அதோடு இன்னொரு கஷ்டம். தூளை நிறுத்தினால் பசி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. கஞ்சி நிற்கவில்லை, பாண் நிற்கவில்லை. இன்னும் மெலிகிறேன். சாப்பிடு என்று டொக்டர் சொன்னது பிள்ளைக்காக, அதைக்கூடச் செய்ய முடியவில்லை. பசியைக் கட்டிப்போடக் காசு கொடுத்தவள் நான். இப்போது அதைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், திரும்பியும் பார்க்கவில்லை.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அழைக்காதே. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், றொஷான் பயந்துவிடுவார். எழுது.

யசி


மறிச்சுக்கட்டி
24.03.2026

என் யசி,

பாக்குக் கொட்டைக்கு என் ஸலாம் சொல்லு.

ஒருவருக்கும் சொல்லவில்லை. காமிலுக்கும் சொல்லவில்லை. அவர் பெருநாளன்று கேட்டார்: "றொஷான் கரையில நிண்டு தன்ர பாட்டில சிரிக்கிறான், என்ன நடந்த?" எனக்கு என்ன தெரியும் என்றேன். வாய்க்குள் வட்டிலப்பத்தை நிறைத்து வைத்துக்கொண்டதால் தப்பினேன்.

பெருநாள் தொழுகையில் உனக்காக நீண்ட நேரம் கேட்டேன். மாமி 'இவ்வளவு நேரம் என்னத்தக் கேட்டாய்?' என்றா. 'இடுப்புக் குறைய' என்றேன். பொய்தான், அல்லாஹ் மன்னிப்பான். இடுப்புக்கு ஜெயந்தினி மிஸ் வேறு வழி சொல்லிவிட்டா: சோற்றை ஒரு அகப்பை குறை, அசர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வரை நட. தூளைத் தேடி முள்ளுக்குள் நடந்த நடையை ஒழுங்காக நடந்திருந்தால் இதற்குள் குறைந்திருப்பேனாம்.

எனக்கு ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லு. ஈரல் என்ன சொன்னது? சத்தி குறைந்ததா? உப்பு பிஸ்கட் வைத்துப் பார்த்தாயா, எழும்ப முன்னம், படுக்கையிலேயே? என்னுடைய இரண்டாவதுக்கு அதுதான் நின்றது. மூன்றாவதுக்கு ஐஸ்கட்டி.

பசி திரும்பி வந்தால் முதலில் எனக்குத்தான் எழுத வேண்டும். எங்கே வைத்து வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எதைக் கேட்டது, எல்லாம் ஒன்று விடாமல். இவ்வளவு நாளும் அதன் பின்னால் அலைந்தவள் நான்தானே.

அப்ரா


அரிப்பு
04.04.2026

அப்ரா,

வந்தது. ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

முதலில், ரத்தம் நல்லது. ஈரலும் நல்லது. அடுத்த ஸ்கான் இந்த மாத நடுவில். பயம் இன்னும் போகவில்லை. ஆனால் நேற்று நடந்ததை அதுவரை வைத்திருக்க முடியாது, இன்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நேற்றுப் பெரிய வெள்ளி. காலையில் சிலுவைப்பாதை கோயிலில் தொடங்கி வீதி வழியே போனது. ஊரே ஒருசந்தி, ஊரே வெள்ளைச் சட்டை. நான் விடிய இரண்டு உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும் ஒருவருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு, ஒரு கள்ளியைப் போலப் பின்வரிசையில் நடந்தேன். றொஷான் சிலுவை தூக்குகிற ஆட்களோடு முன்னால். நிலைக்கு நிலை நின்று செபிப்போம், எட்டாம் நிலையில் எல்லோரும் முழங்காலில் இருந்தோம்.

அப்போது சிலாவத்துறைப் பக்கமிருந்து பாண் வண்டி வந்தது. நாள் தவறாமல் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற அந்த மூன்று சில்லு வண்டிதான். எங்களைக் கண்டதும் அந்தப் பெடியன் மரியாதையாகப் பாட்டை நிறுத்தி, வண்டியை வேலியோரமாக விட்டு, தொப்பியையும் கழற்றிக்கொண்டு நின்றான். பாட்டை நிறுத்தலாம், அப்ரா. மணத்தை எப்படி நிறுத்துவது?

சூடான பணிஸ். மேலே சீனி போட்டது. காற்று என் பக்கமாக அடித்தது.

ஓங்காளம் வரப்போகிறது என்று வாயைப் பொத்தினேன். வரவில்லை. வயிற்றுக்குள் ஏதோ எழும்பி உட்கார்ந்தது. இது என்ன, இது என்ன என்று யோசிக்கிறேன், பெயர் வரவில்லை. பிறகுதான் விளங்கியது. பசி! கண் நிறைகிறது, பாதர் செபம் சொல்கிறார், எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. இப்போதே சாப்பிடாவிட்டால் வீதியில் விழுந்துவிடுவேன் போல இருந்தது. எழும்பினேன். முழங்காலில் இருந்த சனத்துக்கு நடுவால் நடந்துபோய், "ரெண்டு பணிஸ் தா தம்பி" என்றேன். அவன் பயந்துபோய்ச் சனத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். நானே கண்ணாடிக் கதவைத் திறந்து எடுத்தேன். அங்கேயே நின்று கடித்தேன். பெரிய வெள்ளிக்கிழமை, எட்டாம் நிலையில், அரிப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க.

செபம் நின்றுவிட்டது. முன்னால் றொஷான் சிலுவையின் காலைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறார், முகத்தில் இரத்தம் இல்லை. மக்டலின் அக்கா எழும்பி என்னை நோக்கி வந்தா. அவ நடக்கிற நடையைக் கண்டால் கோயில் பூனையும் ஒதுங்கும். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது, ஆனால் மெல்லுவதை நிறுத்த முடியவில்லை. கன்னத்தால் தண்ணீர் ஓடுகிறது, உதட்டில் சீனி.

கிட்ட வந்து நின்றா. பணிசைப் பார்த்தா. தொளதொளத்த சட்டைக்கு மேல் வயிற்றைப் பொத்தியிருந்த என் மற்றக் கையைப் பார்த்தா. என் முகத்தைக் கனநேரம் பார்த்தா. திரும்பிப் பக்கத்து வீட்டு வளவுக்குள் போனா. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, வேலி நிழலில் வைத்து, முந்தானையால் துடைத்தா.

"இருந்து சாப்பிடு பிள்ளை. ஆறுதலாச் சாப்பிடு." பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, "என்ன பாக்கிறியள்? பாதர், நீங்கள் சொல்லுங்கோ" என்றா.

செபம் மறுபடி தொடங்கியது. நான் இருந்து இரண்டாவது பணிசையும் சாப்பிட்டேன்.

யசி